வைக்கோல் டிரெய்லரின் தளத்தைப் பத்து அங்குலம் இறக்கினேன்

மன்னார்குடிப் பக்கத்து விவசாயி:

சம்பா அறுவடை முடிந்து, வைக்கோல் கட்டும் இயந்திரமும் வயலைவிட்டுப் போன பிறகுதான் எங்களுக்கு உண்மையான வேலை தொடங்குகிறது. வைக்கோல் உருளை ஒன்று 15 கிலோ இருக்கும். கனம் பெரிதில்லை. நான்கடி உயரத் தளத்தில் மூன்றாம் அடுக்குக்கு அதை வீசுவதுதான் தோளைத் தின்கிறது. நூறு கட்டு ஏற்றிய இரவில் சோறு அள்ளிய கை வாய்வரை வராது.

எங்களுடையது ஒற்றை அச்சு டிரெய்லர். பழைய லாரி டயர், 9.00-20 அளவு. தளம் சக்கரங்களுக்கு மேலேயே ஓடுகிறது. கமான் பட்டைகளை, அதாவது வண்டியின் பாரம் தாங்கும் வில் போன்ற எஃகுப் பட்டைகளை, அச்சின் மேலிருந்து கழற்றி அடியில் கட்டினால் ஆறு அங்குலம் இறங்கும் என்றார் பட்டறைக்காரர். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து டயரின் தலைக்கும் தளத்தின் அடிக்கும் நடுவே அளவுகோலை விட்டுப் பார்த்தேன். ஐந்தரை அங்குலம்! அவர் பேச்சைக் கேட்டிருந்தால் தளம் டயர் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

ஆகவே முதலில் சக்கரத்தை மாற்றினேன். 7.50-16 டயர் விட்டத்தில் ஏறத்தாழ எட்டு அங்குலம் சிறியது. தளம் அதில் பாதிதான் இறங்கும். டயரின் தலையோ எட்டு அங்குலமும் இறங்கிவிடும். அப்படிக் கிடைத்த இடைவெளியில்தான் கமான் பட்டையைக் கீழே கட்ட முடிந்தது. 48 அங்குலத் தளம் 38 ஆயிற்று. டயருக்கு மேலே மூன்றரை அங்குலம் மிச்சம். சக்கரத்தை அச்சில் பொருத்தும் ஹப்பையும் மாற்ற வேண்டியிருந்ததால் செலவு நினைத்ததைப்போல் இரு மடங்கு. வீட்டில் இன்னும் முழுக் கணக்கைச் சொல்லவில்லை.

முதல் நடையில் சுகம் தெரிந்தது. உருளையை முழங்காலால் ஓர் உந்து உந்தினாலே தளத்தில் போய் உட்கார்ந்தது. ஆனால் மேலே நின்று அடுக்கிய தம்பிக்கு ஆசை விடவில்லை. "வண்டி தாழ்வாகத்தானே இருக்கிறது அண்ணே, இன்னோர் அடுக்குப் போடலாமே" என்று போட்டும்விட்டான். ஓர் அடுக்கு என்பது இரண்டடி. இறக்கியதோ பத்து அங்குலம். வாய்க்கால் பாலத்துக்கு அருகே மின்கம்பி தொய்ந்து கிடக்கிறது. வைக்கோல் வண்டி கம்பியில் உரசி எரிந்த செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம். நின்ற இடத்திலேயே இறக்கவைத்தேன்.

நான்காம் நடையில், பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவர் கூவினார்: "அண்ணே, வண்டி நண்டு மாதிரி நடக்கிறது!" இறங்கிப் பார்த்தால், பட்டையை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்து, அச்சின் இடது பக்கம் இரண்டு அங்குலம் பின்னுக்கு நகர்ந்திருக்கிறது. முறுக்கி வைத்தாலும் மறுபடி நகர்கிறது. யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

டிரெய்லர் பட்டறை வைத்திருப்பவர், பொள்ளாச்சி:

சென்டர் போல்ட்டைப் பாருங்கள். பட்டைகளைக் கோத்துப் பிடிக்கும் அந்தப் போல்ட்டின் தலை, அச்சின் மேலுள்ள குழியில் உட்கார்ந்தால்தான் அச்சு நகராது. யூ போல்ட் அழுத்திப் பிடிக்க மட்டுமே. பட்டைகளை அடியில் கட்டும்போது போல்ட்டைக் கழற்றித் தலை மேலே வருமாறு திருப்பிப் போட வேண்டும். அச்சின் அடிப்பக்கத்திலும் குழியுள்ள தகடு வேண்டும். உங்களுக்கு இரண்டும் செய்திருக்க மாட்டார்கள். கையோடு இன்னொன்று: அவசரத்துக்குக் கமான் பட்டையிலேயே வெல்டிங் வைத்துவிடாதீர்கள். சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய், அங்கேயே ஒடியும்.

இந்த 7.50-16 டயர் ஒன்று ஏறத்தாழ ஒன்றரை டன்தான் தாங்கும், அதிலும் வண்டியின் சொந்த எடை சேர்த்தி. வைக்கோலுக்குப் போதும். எருவோ மணலோ ஏற்றினால் மூன்றரை அங்குல இடைவெளியும் பள்ளத்தில் காணாமல் போகும். டயர் உரசிப் புகைவது வைக்கோலுக்கு அடியில் என்பதை நினைவில் வையுங்கள்.

வயதில் மூத்த உறுப்பினர், திருவையாறு:

சக்கரத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், கொக்கியை யாரும் கேட்கவில்லையே. தளம் பத்து அங்குலம் இறங்கி, டிராக்டர் கொக்கி பழைய உயரத்திலேயே இருந்தால் தளம் பின்பக்கம் சாயும். மாட்டு வண்டி ஓட்டியவனுக்கு இது தெரியும். பின்பாரம் ஏறினால் ஏர்க்கால் தூக்கிக்கொள்ளும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். டிராக்டருக்குக் கழுத்து இல்லைதான்; ஆனால் பின்சக்கரத்தில் பாரம் குறைந்தால் சேற்றில் சும்மா சுழலும்.

நான் டிரெய்லரைத் தொடவே இல்லை. வைக்கோல் போர் போடும் இடத்தில் சக்கரம் இறங்குமளவு சரிவாக இரண்டு பள்ளம் வெட்டிவைத்திருக்கிறேன். வயலில், தாழ்ந்த வயலில் வண்டியை நிறுத்தி மேட்டு வரப்பிலிருந்து ஏற்றுகிறோம். செலவு ஒரு மண்வெட்டிப் பிடி. மழை பெய்தால் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மன்னார்குடிப் பக்கத்து விவசாயி:

இன்று கழற்றிப் பார்த்தோம். சென்டர் போல்ட்டின் தலை கீழ்நோக்கித்தான் இருந்தது. தகடு வைத்துத் திருப்பிப் போட்டாயிற்று. இரண்டு நடை போய்வந்தும் அச்சு நகரவில்லை. கொக்கிக்குத் தாழ்ந்த தகடு நாளை வருகிறது. ஐயா, உங்கள் பள்ளத்தின் ஆழம் எவ்வளவு?