கப்பல் வாய்க்கால் எத்தனை நாளைக்குத் தீர்த்தம்?

வடலி (டோட்முண்ட்):
வணக்கம். மகள் கேட்ட கேள்வி ஒன்று, பதில் தெரியாமல் முழிக்கிறேன்.

இந்த முறை ஜேர்மனியின் ஹம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் கோயில் தீர்த்தத்துக்கு மகளையும் (வயது 11) என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கோயில் இருப்பது ஹம் நகரின் ஓரத்தில், ஒரு தொழிற்பேட்டையில். லொறிகள் ஓடும் தெரு, பக்கத்தில் மின்நிலையம், நடுவே 17 மீற்றர் கோபுரம். தீர்த்தமாடுவது டாற்றல்ன்-ஹம் கால்வாயில். நிலக்கரிக் கப்பல் போவதற்காக வெட்டி, 1914-ல் ஹம் வரை திறந்த வாய்க்கால் அது. இப்போதும் சரக்குப் படகு போகிறது.

அம்மா முழங்கால் தண்ணீரில் நின்று மூன்று தரம் தலையில் அள்ளி ஊற்றினார். அப்புறம் வெறும் ஃபன்டா போத்தல் ஒன்றை அலசி, நிரப்பி, மூடியைச் சேலைத் தலைப்பால் பிடித்து இறுக்கினார். மகள் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். "அப்பா, நாளைக்கும் இது தீர்த்தமா, இல்லாவிட்டால் வெறும் கனாலா?" இன்றைக்குத்தான் தீர்த்தம் என்றேன். "அப்போ அப்பம்மாவின் போத்தல் நாளைக்கு என்னவாகும்?"

சோதி மாஸ்டர்:
தம்பி, பிள்ளை சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறாள். குருக்கள் தண்ணீரைத் தொட்டு "கங்கே ச யமுனே சைவ கோதாவரி சரஸ்வதி, நர்மதே சிந்து காவேரி" என்று சொல்வது ஏழு நதிகளையும் இந்தத் தண்ணீருக்குள் வரச் சொல்லித்தான். எங்கள் வீட்டுக் கிணற்றடியிலும் இதே மந்திரம்தான். ஆகவே கால்வாய் என்பது ஒரு குறையே இல்லை. போத்தலைப் பற்றிக் கேட்டால், வீட்டைச் சுத்திசெய்யத் தெளிக்கும் புண்ணியாகவாசனத் தண்ணீர் மிஞ்சினால் நாம் கால்படும் இடத்தில் ஊற்றுவதில்லையே, அதே கணக்கு.

பழைய ஹம்காரன்:
மாஸ்டர் சொல்வது சாத்திரம். நான் கண்டதைச் சொல்கிறேன். 1989-ல் இந்தக் கோயில் ஒரு வீட்டு நிலவறையில் தொடங்கியது. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராத காலம், எங்களுக்கு அந்த நிலவறைதான் ஊர். சனம் கூடக் கூட அயலவர்கள் சத்தம், வாகனம் என்று முறைப்பட்டார்கள், அதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் தொழிற்பேட்டைக் காணி கிடைத்தபோது, அம்பாளைக் கொண்டுபோய்த் தொழிற்சாலைகளுக்கு நடுவிலா வைக்கிறது என்று முகம் சுளித்தவர்களில் நானும் ஒருவன். 2002 ஆடிக்கு முன்னம் கும்பாபிஷேகம். இப்போது தேருக்குப் பல்லாயிரம் சனம் வருகிறது, லொறித் தெருவெல்லாம் தேங்காய்ச் சிரட்டை. மின்நிலையத்தைக் கண்டால் கோயில் கிட்டிவிட்டது என்று என் பேரன் காருக்குள் கத்துவான்.

ரவி (முன்பு மொரிஷியஸ்):
மொரிஷியஸில் ஒரு எரிமலை வாய் ஏரி இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு பூசாரி அதற்கும் கங்கைக்கும் தொடர்பு இருப்பதாகக் கனவு கண்டார். 1972-ல் கங்கை நீரைக் கொண்டுவந்து அதில் ஊற்றினார்கள், பெயரும் கங்கா தலாவ் ஆனது. அங்கே ஒருவரும் "நாளைக்கு?" என்று கேட்பதில்லை. சிவராத்திரிக்கு வந்தவர்கள் ஏரித் தண்ணீரை ஊருக்கு நடந்தே சுமந்துபோய் லிங்கத்துக்கு ஊற்றுவார்கள். உங்கள் அம்மாவின் போத்தலும் அந்த ரகம்தான்.

சோதி மாஸ்டர்:
யாழ்ப்பாணத்துக் கீரிமலையை விட்டுவிட்டீர்களே. அங்கே குளித்துக் குதிரைமுகம் நீங்கிய இளவரசி கதை இல்லாவிட்டால் அதுவும் கடலோரத்து நன்னீர் ஊற்றுத்தான்! கால்வாய்க்கு இன்னும் கதை வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வடலி:
எல்லோருக்கும் நன்றி. மாஸ்டரின் பதிலை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஏழு நதியும் வந்தால் படகுக்கு இடம் காணுமா என்கிறாள். போத்தலை அம்மா சாமித்தட்டில் வைத்துவிட்டார். மகள் அதில் ஜேர்மன் மொழியில் "குடிக்க வேண்டாம்" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். அம்மாவுக்கு அதை வாசிக்கத் தெரியாது. நேற்று அந்த ஒட்டுத் தாளுக்கும் சேர்த்துச் சந்தனம் வைத்திருந்தார்.