மருத்துவமனையில் சேர்த்த குழந்தை: பெற்றோர் எதைக் கவனிக்க வேண்டும், எதில் கைவைக்கக் கூடாது?

கேள்வி – தஞ்சை வாசகி
என் தங்கையின் இரண்டு வயது மகன் டெங்குக் காய்ச்சலுக்காகக் குழந்தைகள் வார்டில் இருக்கிறான். பகலில் தங்கையும் இரவில் நானும் துணைக்கு இருக்கிறோம். டிரிப்ஸ் ஏறும் கை சற்று உப்பியிருப்பதுபோல் தெரிகிறது. ஆனால் சிஸ்டரை அடிக்கடி கூப்பிட்டால் முகம் சுளிப்பார்களோ என்று தங்கை தயங்குகிறாள். நாங்கள் எந்த அளவுக்குப் பேசலாம்?

பதில் – குழந்தைகள் நலச் செவிலியர்
முதலில் எழுந்து போய் வீக்கத்தைச் சொல்லிவிட்டு வந்து இதைப் படியுங்கள். டிரிப்ஸ் ஏற்றக் கையில் குத்தியிருக்கும் சிறு குழாயான வென்ஃப்ளான் ரத்தக்குழாயை விட்டு நழுவினால், ஏறும் திரவம் சதைக்குள் இறங்கும். கை அசையாமலிருக்க வைத்த கட்டையும் பிளாஸ்டரும் மறைத்திருப்பதால் சுற்றுக்கு வருபவர்கள் கண்ணில் அது உடனே படாமல் போகலாம். இரண்டு கைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது துணைக்கு இருப்பவருக்கே எளிது. அதே சமயம், டிரிப்ஸ் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ டிரிப்ஸ் குழாயில் உள்ள சக்கரத்தைத் தொடாதீர்கள். டெங்குவில் திரவம் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து.

காய்ச்சல் விட்டதும் பலர் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்பார்கள். உண்மையில் அதற்குப் பிந்தைய 24 முதல் 48 மணி நேரம்தான் கூர்ந்து பார்க்க வேண்டிய காலம். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல், வழக்கத்துக்கு மாறான சோர்வு அல்லது நிலைகொள்ளாமை ஆகியவற்றில் எதைக் கண்டாலும் நேரம் பார்க்காமல் கூப்பிடுங்கள்.

கைப்பையில் இருக்கும் சிரப்பை நீங்களாகக் கொடுக்கவே வேண்டாம். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்ற கணக்கில் கொடுக்கப்படுகிறது. 12 கிலோ குழந்தைக்கு 180 மி.கி. வரும். கடைகளில் 5 மில்லிக்கு 125 மி.கி. உள்ள சிரப்பும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. வார்டில் கொடுத்ததோடு இதுவும் சேர்ந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். காய்ச்சலுக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான இப்யூபுரூஃபன் டெங்குவில் கூடவே கூடாது.

பதில் – பிரிஸ்பேன் தமிழன்
நான் வசிக்கும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் பெற்றோரின் கவலைக்கே ஒரு முறையான வழி இருக்கிறது. ரயன் சாண்டர்ஸ் என்ற, மூன்று வயதுகூட நிறையாத சிறுவன் 2007இல் இறந்தான். அவன் நிலை மோசமாகிறது என்று பெற்றோர் சொன்னது உரிய நேரத்தில் செவிமடுக்கப்படவில்லை. அதன் விளைவாக 2013இல் வந்த ‘ரயன் விதி’யின்படி, முதலில் செவிலியர் அல்லது மருத்துவர், அடுத்து பொறுப்புச் செவிலியர், அப்போதும் கவலை தீராவிட்டால் ஒரு தொலைபேசி எண் வழியாக மறு பரிசோதனை கோரலாம். உங்கள் ஊரில் அப்படி ஒரு எண் இல்லாவிட்டாலும் டியூட்டி சிஸ்டர், டியூட்டி டாக்டர், யூனிட் சீஃப் (பிரிவின் தலைமை மருத்துவர்) என்று படிப்படியாகப் போகத் தடையில்லையே.

பதில் – மதுரைக்காரர்
வீட்டில் ஒருவர் மட்டும் பேசட்டும். பார்க்க வரும் ஒவ்வொரு சித்தப்பாவும் தனித்தனியாக விசாரித்தால் முக்கியமான கேள்வியும் அந்தக் கூச்சலில் கரைந்துவிடும். வருபவர்கள் கை கழுவாமல் குழந்தையைத் தூக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

தஞ்சை வாசகி
சொன்னவுடன் ஊசியை மறு கைக்கு மாற்றிவிட்டார்கள். சிறுநீர் அளவைக் குறிக்கச் சொல்கிறார்கள்; டயப்பரில் எப்படி அளப்பது?

குழந்தைகள் நலச் செவிலியர்
வார்டிலுள்ள எடை இயந்திரத்தில் ஈர டயப்பரை வைத்துப் பார்த்து, காய்ந்த டயப்பரின் எடையைக் கழியுங்கள். ஒரு கிராமை ஒரு மில்லியாகக் கொள்ளலாம். நேரத்தோடு குறித்து, ஷிஃப்ட் மாறும்போது புதிய சிஸ்டரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.