அமர்வு கைப்பந்தில் விஎஸ்2 ஆட்டக்காரர்களுக்கு இடம் தேவையா?

வலையோரம்:
மாற்றுத்திறனாளிகள் தரையில் அமர்ந்தபடி ஆடும் கைப்பந்தே அமர்வு கைப்பந்து. அதன் பன்னாட்டுப் போட்டிகளில் கடுமையான குறைபாடு உடையோர் விஎஸ்1 என்றும், இயக்கம் குறைந்த அளவே பாதிக்கப்பட்டோர் விஎஸ்2 என்றும் வகைப்படுத்தப்படுகிறார்கள். 12 பேர் கொண்ட அணியில் விஎஸ்2 பிரிவினர் 2 பேர் வரை இருக்கலாம். களத்தில் ஒரு நேரத்தில் அவர்களில் ஒருவர்தான் ஆடலாம். அந்த ஒருவரும் எதற்கு? அவர் ஆடும் இடம் கால் இழந்த ஒருவருக்குக் கிடைக்க வேண்டியது அல்லவா?

நெடுமாறன்:
தரையில் அமர்ந்துவிட்டால் வேறுபாடு பெரிதும் சுருங்கிவிடுகிறது, நண்பரே. ஆடுகளம் 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் மட்டுமே. ஆண்களுக்கு வலை 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர். பந்தை ஓங்கி அடிக்கும்போதும் (ஸ்மாஷ்) எதிரணி அடிக்கும் பந்தை வலையருகே தடுக்கும்போதும் (பிளாக்) பிட்டம் தரையை விட்டு எழக்கூடாது. உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றி, உந்தி நகர்ந்து, பந்து வந்து சேருமுன் அதே கைகளை உயர்த்தியாக வேண்டும் என்னும்போது, நன்றாக நடக்கத் தெரிந்திருப்பதால் என்ன பயன்?

வலையோரம்:
பயன் உண்டு. இரு கால்களும் உள்ளவர் குதிகாலை ஊன்றித் தள்ளி நகரலாம். கைகள் அந்த அளவுக்கு முன்னதாகவே பந்துக்குத் தயாராகிவிடும். தொடைக்கு மேல் கால் துண்டிக்கப்பட்டவருக்கு அந்த வசதி இல்லை.

நெடுமாறன்:
கால்கள் இடைஞ்சலும் செய்யும். நீட்டிய காலைச் சுற்றித் திரும்புவதற்குள் பந்து விழுந்துவிடும். கால் குறைந்தவரோ சட்டென்று திரும்பிவிடுவார். ஆட்டக்காரர் நிற்கும் இடம், மன்னிக்கவும், அமரும் இடம் கால்களை வைத்து அல்ல, பிட்டத்தை வைத்தே கணக்கிடப்படுவதும் கவனிக்கத்தக்கது.

பூங்குழலி:
நியாயம்தான் கேள்வி என்றால் உயரத்தை ஏன் இருவருமே விட்டுவிட்டீர்கள்? ஈரானின் மொர்தெசா மெஹர்சாத் 2.46 மீட்டர் உயரம் உடையவர். பதின்ம வயதில் இடுப்பெலும்பு முறிந்து, வலது காலின் வளர்ச்சி நின்றுபோனவர். 2016, 2020, 2024 பாராலிம்பிக் தங்கங்களை வென்ற ஈரான் அணிகளில் அவர் ஆடினார். விஎஸ்2 பிரிவையே நீக்கினாலும் இந்த அனுகூலம் அப்படியே இருக்கும்.

வலையோரம்:
உயரம் எல்லா விளையாட்டிலும் உள்ள இயற்கை வேறுபாடு. நான் கேட்பது, மாற்றுத்திறனாளிகளுக்கென்றே அமைத்த ஆட்டத்தில் யாருக்கு முன்னுரிமை என்பதுதான்.

பூங்குழலி:
அப்படியானால் வரலாற்றையும் சேர்த்துப் பாருங்கள். நின்று ஆடும் கைப்பந்து 2000 சிட்னிக்குப் பிறகு பாராலிம்பிக்கில் இடம்பெறவில்லை. குறைந்த பாதிப்பு உடையோருக்கு அங்கே எஞ்சிய கைப்பந்து இது ஒன்றே. இதையும் மூடினால் அவர்கள் எங்கே போவார்கள்?

வலையோரம்:
நின்று ஆடும் போட்டியை மீண்டும் கேட்டுப் பெறட்டும். அந்தக் கோரிக்கையில் நானும் கையெழுத்திடுவேன். அதுவரை 2 என்பதை 1 ஆகக் குறைக்கலாம்.

நெடுமாறன்:
அந்த ஒருவருக்கு ஆட்டத்தின் நடுவே காயம் பட்டால்? மாற்று ஆள் வேண்டும் என்பதற்காகவாவது 2 இருக்கட்டும்.