சின்னக் கார், நால்வர் குடும்பம், எடை குறைந்த கேம்பர்: வாங்கும் முன் எதை அளப்பது? (பலரின் அனுபவப் பகிர்வு; ஒவ்வொரு நட்சத்திரக் கோட்டுக்குப் பின்னும் வேறொருவர் எழுதுகிறார்)

கேம்பரை, அதாவது காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போய் உள்ளே தங்கும் சின்ன டிரெய்லரைப் பார்க்கப் போகும் முன் காரின் கையேட்டையும் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தகட்டையும் பாருங்கள். நான்கு எண்கள் வேண்டும்: பிரேக் உள்ள டிரெய்லரை எத்தனை கிலோ வரை இழுக்கலாம், ஹிட்ச் பந்தின் (டிரெய்லரை மாட்டக் காரின் பின்னால் இருக்கும் இரும்பு உருண்டை) மேல் எவ்வளவு அழுத்தலாம், காருக்குள் எவ்வளவு ஏற்றலாம், காரும் டிரெய்லரும் சேர்ந்து எவ்வளவு போகலாம். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருவது முதல் எண் மட்டும். குடும்பத்தோடு கிளம்பும்போது முதலில் தீர்ந்துபோவது மூன்றாவது எண்.

ஒரு கணக்குப் போடலாம். காரில் ஏற்றக்கூடியது 450 கிலோ. ஆட்கள் 240, பின்பெட்டிச் சாமான் 80, ஹிட்ச் சட்டம் 20. மீதி 110. டிரெய்லரின் மூக்கு காரை அழுத்தும் எடையும் இந்த 110-க்குள் அடங்கியாக வேண்டும். டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு மூக்கில் வருகிறது என்று வைத்தால், 1100 கிலோவுக்கு மேல் கட்ட வழியில்லை. கையேட்டில் 1500 கிலோ இழுக்கும் என்று போட்டிருந்தாலும் இதே கதைதான்.

அடுத்த பொறி, வெற்று எடை. தகட்டில் 780 கிலோ என்று போட்டிருக்கும் கேம்பரில் தண்ணீர் இருக்காது, எரிவாயு இருக்காது, பல நேரம் பேட்டரிகூட இருக்காது. 60 லிட்டர் தண்ணீர் என்றால் 60 கிலோ. 9 கிலோ எரிவாயு நிரம்பிய இரும்பு சிலிண்டர் 18 கிலோவை ஒட்டி வரும். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி 26, பக்கவாட்டுப் பந்தல் 22, துணிமணியும் படுக்கையும் 40, பாத்திரம் பண்டமும் சாப்பாட்டுச் சாமானும் 30, மடக்கு நாற்காலி மேசை 20, கழிவறைப் பெட்டி 12, கேபிள், ஹோஸ், சக்கரக் கட்டை, ஜாக்கி எல்லாம் 15. கூட்டினால் 243. நாம் 780 என்று நம்பி வாங்கியது ரோட்டில் 1023. அதன் உச்ச அனுமதி எடை 1000 என்றால், பிள்ளைகளின் சைக்கிளை ஏற்றும் முன்பே வரம்பு தாண்டியாயிற்று.

அதனால் வெற்று எடைக்கும் அனுமதி எடைக்கும் நடுவே 300 கிலோவாவது இடைவெளி இல்லாத கேம்பரை நால்வருக்கு எடுக்காதீர்கள். பழையது என்றால் தகட்டையும் நம்ப வேண்டாம். பந்தல், ஏசி, கூடுதல் பலகை அலமாரி என்று முந்தைய உரிமையாளர் சேர்த்தது எதுவும் தகட்டில் ஏறியிருக்காது. லாரி எடை போடும் மேடையில் ஒருமுறை ஏற்றினால் உண்மை தெரிந்துவிடும்.

* * *

மேலே மூக்கு எடைக்குச் சொன்ன பத்தில் ஒரு பங்குக்கு ஒரு சேர்க்கை. வட அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம் என்பது வழக்கம். ஐரோப்பிய கேரவன்களில் 5 முதல் 7 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அங்கே பல கார்களின் பந்து வரம்பே 75 முதல் 100 கிலோதான், வேக வரம்பும் குறைவு. எந்தச் சதவீதமாக இருந்தாலும் காரின் பந்து வரம்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் காரின் பின்பக்கம் அமுங்கும், முன்சக்கரங்கள் லேசாகி ஸ்டியரிங் பிடி தளரும், முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

மூக்கு எடையை அளக்கத் தனிக் கருவி வேண்டாம், குளியலறை எடை மெஷினே போதும். சமதரையில் டிரெய்லரை நிறுத்தி, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, பயணத்துக்கு ஏற்றுவது போலவே சாமானை ஏற்றுங்கள். கப்ளருக்கு (பந்தின் மேல் உட்கார்ந்து பூட்டும் மூக்கு முனை) அடியில் ஒரு மரக்கட்டையை மெஷின் மேல் நிறுத்தி, மூக்குச் சக்கரத்தை மேலே சுற்றி எடுத்தால் எடை விழும். கப்ளர் காரோடு கட்டும்போது இருக்கும் அதே உயரத்தில் இருக்க வேண்டும்.

மெஷின் தாங்காது என்று பயந்தால் உறுதியான பலகை ஒன்றை எடுங்கள். கப்ளர் அழுத்தும் புள்ளியிலிருந்து ஒரு பக்கம் 30 சென்டிமீட்டரில் செங்கல், மறுபக்கம் 60 சென்டிமீட்டரில் மெஷின். காட்டும் எண்ணை மூன்றால் பெருக்குங்கள். பலகை மட்டும் இருக்கும்போது காட்டியதை முதலில் கழித்துவிட வேண்டும்.

இந்த எண் ஒரே இடத்தில் நிற்காது. பந்திலிருந்து ஆக்சில் (சக்கர அச்சு) 3.5 மீட்டர் தூரம் என்று வையுங்கள். தண்ணீர்த் தொட்டி ஆக்சிலுக்கு 1 மீட்டர் பின்னால் இருந்தால், 60 லிட்டர் நிரப்பியதும் மூக்கில் 17 கிலோ குறையும். பின் பம்பரில் ஸ்டாண்டோடு இரண்டு சைக்கிள், 40 கிலோ, ஆக்சிலுக்கு 2.3 மீட்டர் பின்னால்: இன்னும் 26 கிலோ போச்சு. காலையில் 100 இருந்தது இப்போது 57. இறக்கத்தில் ஒரு லாரி உரசிக்கொண்டு தாண்டினால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிப்பது இப்படித்தான். ஆகவே தொட்டி ஆக்சிலுக்கு மேலோ சற்று முன்னோ உள்ள கேம்பராகப் பாருங்கள். சைக்கிள் காரின் கூரைக்குப் போகட்டும்.

ஆட ஆரம்பித்துவிட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். டிரெய்லர் பிரேக்குக்குத் தனிக் கைப்பிடி இருந்தால் அதை மட்டும் மெல்ல அழுத்துங்கள். கார் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், வேகமெடுத்துச் சமாளிக்கப் பார்ப்பதும் டிரெய்லரைச் சுழற்றிவிடும். ஆட்டத்தைக் குறைக்கும் உராய்வுக் கம்பிகள் கிடைக்கின்றன, நல்லவைதான். தப்பாக ஏற்றிய சாமானுக்கு அவை மருந்தல்ல.

* * *

எடையைவிடப் பணத்தைத் தின்பது தண்ணீர்க் கசிவு. பழைய கேம்பர் பார்ப்பவர்கள் முதலில் மூக்கை நம்புங்கள். கதவைத் திறந்ததும் ஓதமடித்த வாசனை வந்தால், உள்ளே வாசனைத் திரவியம் தெளித்து வைத்திருந்தால், இரண்டும் ஒன்றே.

பிறகு கட்டைவிரல். உள்ளே நான்கு மேல்மூலைகள், ஜன்னலின் கீழ்மூலைகள், கூரைத் திறப்பைச் சுற்றி, படுக்கைக்கு அடியில் சுவரும் தரையும் சேரும் இடம், கதவுக்கு உட்புறத் தரை: இந்த வரிசையில் அழுத்திக்கொண்டே வாருங்கள். நல்ல பிளைவுட் விரலை எதிர்க்கும். ஊறியது அப்பளம் நமத்தது போல உள்ளே போய் மெதுவாகத் திரும்பும். சுவரில் சிறு அலை தெரிந்தால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். நேராக அடித்தால் மறைவது அப்போது நிழலாக எழும். ஈரமானி இருந்தால் மரத்தில் 15 சதவீதம் வரை கவலையில்லை, 20-க்கு மேல் தண்ணீர் வரும் வழியைத் தேடுங்கள், 30 காட்டினால் அந்தச் சுவரைப் பிரித்தாக வேண்டும்.

எப்படிக் கட்டியது என்பதைப் பொறுத்துப் பழுதும் மாறும். மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அடித்தது: சட்டம் மட்கினாலும் வெளியே தெரியாது, ஆனால் தச்சுவேலை தெரிந்தவர் பிரித்து மாற்றலாம். ஃபைபர் தகடு, நுரை, பிளைவுட் மூன்றையும் ஒட்டிய பலகைச் சுவர்: எடை குறைவு, குளிர் வெயில் தாங்கும், ஆனால் தண்ணீர் புகுந்தால் பசை விட்டுக் குமிழி எழும். அதை உள்ளூர் ரிப்பேரில் சரிசெய்ய முடியாது, பலகையையே மாற்ற வேண்டும். மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு ஃபைபர் ஓடுகளைச் சேர்த்த முட்டை வடிவம்: கூரையில் மூட்டே இல்லாததால் கசிவு குறைவு. அதிலும் ஜன்னல் ரப்பர், அலமாரியைப் பிடிக்கும் ரிவெட் துளைகள், கதவோரத் தரை ஆகியவற்றைப் பார்க்காமல் விடாதீர்கள்.

கசியும் இடத்தில் சிலிக்கான் குழாயைப் பிதுக்கி அப்பியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். சிலிக்கான் ஒட்டிய இடத்தில் பின்னால் எதுவும் ஒட்டாது. முழுக்கச் சுரண்டி எடுப்பதற்குள் ஒரு நாள் போய்விடும். சரியான வழி, சட்டத்தைக் கழற்றி, பிளாஸ்டிக் கத்தியால் பழையதைச் சுரண்டி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, புது பியூட்டைல் டேப் (பிசின் போல ஒட்டும் ரப்பர் நாடா) வைத்துத் திரும்ப முடுக்குவது. டேப் ஓரம் பிதுங்கி வரும். மறுநாள் திருகுகளை இன்னொரு முறை லேசாக முடுக்கிவிட்டு ஓரத்தை வெட்டுங்கள்.

கசிவைத் தேட ஹோஸால் தண்ணீர் அடிக்கும் சோதனையைக் கீழிருந்து மேலாகச் செய்யுங்கள். முதலில் ஜன்னலின் அடிவிளிம்பு, ஐந்து நிமிடம். பிறகு பக்கவாட்டு, பிறகு மேல்விளிம்பு, கடைசியாகக் கூரை. உள்ளே ஒருவர் டார்ச்சோடு. எடுத்த எடுப்பில் கூரையில் ஊற்றினால் எல்லா இடத்திலும் ஒழுகி, எது ஓட்டை என்று தெரியாமல் போகும்.

* * *

முட்டை வடிவத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1968-இல் கனடாவின் வின்னிபெக்கில் போலர் என்ற சின்ன ஃபைபர் டிரெய்லரை உருவாக்கிய ரே ஒலெக்கோ, அதற்கு முன் ஃபைபரில் கழிவுநீர்த் தொட்டி வடிவமைத்தவர். தண்ணீர் கசியாத தொட்டியைக் கவிழ்த்தால் வீடு! ஜெர்மனியில் 1950-களின் பிற்பகுதியில் வந்த எரிபா பக் என்ற சின்ன கேரவன், விமானப் பொறியாளர் எரிக் பாக்கெமின் வடிவமைப்பு. எடையும் காற்றுத் தடையும்தான் பகை என்பது அப்போதே தெரிந்திருந்தது.

வகை தேர்வுக்கு வருவோம். கண்ணீர்த்துளி வடிவக் கேம்பர் இருவர் படுக்க, பின்கதவைத் தூக்கிச் சமைக்க. நால்வருக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம் வேண்டும். மழை பெய்தால் பிள்ளைகள் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். மேலே விரியும் துணிக் கேம்பர்தான் கிலோவுக்கு அதிகப் படுக்கை தரும். மடித்தால் காரின் நிழலுக்குள் அடங்கும். கடினப் பலகைகள் முக்கோணமாக நிற்கும் வகை பத்து நிமிடத்தில் எழும்பும், ஆனால் உள்ளே நிமிர்ந்து நிற்க நடுவில் மட்டும் இடம்.

காற்றுத் தடையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மணிக்கு 100-லிருந்து 90-க்கு இறங்கினால் தடை சுமார் 19 சதவீதம் குறையும். உயரமான 800 கிலோ கேம்பர், தாழ்வான 1000 கிலோ கேம்பரைவிட அதிக எரிபொருள் குடிக்கும். அதனால்தான் எடை வரம்போடு முன்பக்கப் பரப்புக்கும் வரம்பு போடும் கார்கள் உண்டு.

* * *

துணிக் கேம்பரை மேலே ரொம்பப் புகழ்ந்துவிட்டார்கள். ஈரத்தோடு மடித்தால் ஓரிரு நாளில் விரித்துக் காயவைத்தே ஆகவேண்டும், இல்லையேல் கரும்புள்ளிப் பூஞ்சணம். ஒருமுறை துணியில் ஏறினால் கறை போகாது. வீட்டில் அதை விரிக்க இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாங்கும்போது தூக்கும் கம்பிக் கயிறுகளில் இழை பிரிந்திருக்கிறதா, நான்கு மூலையும் ஒரே உயரத்துக்கு எழுகிறதா, இரண்டையும் சரிபார்க்கவும்.

* * *

அடிப்பாகம் பற்றி யாரும் பேசவில்லை.

டயர்: பட்டன் தேயாமலே வயதாகிச் சாகும். பக்கச்சுவரில் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. ஐந்தாறு வருடம் ஆனால் பார்க்கப் புதிது போல இருந்தாலும் மாற்றுங்கள். காற்றைக் குறிப்பிட்ட அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள்; டிரெய்லர் டயர் வெடிக்க முதல் காரணம் குறைந்த காற்றில் சூடேறுவதுதான்.

பேரிங்: வருடம் ஒருமுறை, அல்லது 15,000-20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றிக் கழுவிப் புது கிரீஸ். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடத்தால் தளர்வு, சுற்றும்போது கரகரத்தால் பேரிங் போய்விட்டது. ஓட்டி நிறுத்தியதும் ஹப்புகளின் (சக்கரத்தின் நடுப்பகுதி) அருகே கையைக் கொண்டுபோங்கள். இதமான சூடு சரி, ஒன்று மட்டும் மற்றதைவிடக் கொதித்தால் அங்கேயே நில்லுங்கள். சக்கர நட்டுகளை டார்க் ஸ்பேனரால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) முடுக்கி, முதல் 80 கிலோமீட்டரில் மறுபடி சரிபாருங்கள்.

பிரேக்: ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோ உச்சவரம்பு. சட்டம் விட்டாலும் நால்வரோடு போகும் கேம்பருக்குப் பிரேக் இருக்கட்டும். கப்ளர் கழன்றால் டிரெய்லர் பிரேக்கைத் தானாகப் பிடிக்கவைக்கும் கம்பியைக் காரின் சட்டத்தில் மாட்டுங்கள், கழற்றி மாட்டும் பந்தின் கழுத்தில் அல்ல. பாதுகாப்புச் சங்கிலிகள் மூக்குக்கு அடியில் குறுக்காக வர வேண்டும்.

மூலைகளில் இருக்கும் கால்கள் ஆட்டம் நிறுத்த மட்டுமே. அவற்றால் கேம்பரைத் தூக்கினால் கால் வளையும், சட்டம் முறுக்கிக் கதவு பூட்டாது.

* * *

மின்சாரம். எரிவாயு, வீட்டு மின்சாரம், 12 வோல்ட் மூன்றிலும் ஓடும் குளிர்பெட்டியை 12 வோல்ட்டில் விட்டால் 10 ஆம்பியர் போல இழுக்கும். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்தலாம். ஐந்து மணி நேரத்தில் முடிந்தது. அந்தப் பெட்டி மட்டமாக நின்றால்தான் குளிரும், ரசமட்டம் கைவசம் வேண்டும். கம்ப்ரசர் வகைச் சின்னப் பெட்டி ஒரு நாளைக்கே 25-40 ஆம்பியர்-மணியோடு நிற்கும்.

ஓடும்போது கார் சார்ஜ் செய்துவிடும் என்று நம்பாதீர்கள். போக வர 12 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 10 ஆம்பியர் போனால் 0.8 வோல்ட் வழியிலேயே விழும், பேட்டரி நிரம்பாது. 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்து, கேம்பர் பக்கம் ஒரு டிசி-டிசி சார்ஜர் (காரிலிருந்து வரும் வோல்ட்டை பேட்டரிக்கு ஏற்ற அளவுக்கு உயர்த்தித் தரும் கருவி) வையுங்கள். லித்தியம் பேட்டரிக்கு மாறினால் அதே கொள்ளளவு 12 கிலோவில் முடியும்.

* * *

உள்ளிடம் பற்றி. கேம்பரின் வெளி அகலம் 2 மீட்டர் என்றால் குறுக்கே படுக்க உள்ளே கிடைப்பது 1.9-க்குள்தான், உயரமானவர் காலை மடக்கிப் படுப்பார். மேல்தட்டுப் படுக்கையின் எடை வரம்பைக் கேளுங்கள், பிள்ளைகள் வளர்வார்கள். மெத்தைக்கு அடியில் காற்றுப் போகும் வலையோ சட்டங்களோ இல்லாவிட்டால் நால்வரின் மூச்சு ஈரமும் அங்கே படிந்து பூஞ்சணம் பிடிக்கும். குளிரிலும் கூரைத் திறப்பையும் ஒரு ஜன்னலையும் விரல் அளவு திறந்து வையுங்கள். எரிவாயு காற்றைவிடக் கனம், அதன் அலாரம் தரையோரம். கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கை உயரத்தில். குளிருக்கு அடுப்பைப் பற்றவைத்துத் தூங்காதீர்கள்.

20 லிட்டர் கழிவறைப் பெட்டி நால்வருக்கு இரண்டு நாள் தாங்கும்.

பார்க்கப் போகும்போது குடும்பத்தையே கூட்டிப் போங்கள். விற்பவர் செய்துகாட்ட வேண்டாம். சாப்பாட்டு மேசையை நீங்களே படுக்கையாக மாற்றி, கதவைச் சாத்தி, நால்வரும் கால் மணி நேரம் படுத்துப் பாருங்கள். பிறகு சின்னவரைக் கழிவறைக்கு எழுந்து போகச் சொல்லுங்கள். எத்தனை பேரை மிதித்துக்கொண்டு போகிறார் என்று எண்ணுங்கள்.