பேத்தியை எந்த மொழியில் ஆசீர்வதிப்பது?

பேரப்பிள்ளை பிறந்த கதையை ஆளாளுக்கு எழுதுகிறீர்கள், என் பங்குக்கு நானும் எழுதிவிடுகிறேன். நாங்கள் வெளிநாட்டுக்கு வந்து 20 வருடத்துக்கு மேல் ஆகிறது, மகளும் இங்கேயே திருமணம் முடித்துப் பத்து நிமிட தூரத்தில்தான் இருக்கிறாள், மருமகன் இந்த நாட்டுக்காரர், தமிழ் ஒரு சொல் தெரியாது. பேத்திக்கு இப்போது நாலு மாதம். விமானம் ஏறி ஓடும் பாடு எனக்கு இல்லை, ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்தைக் கடக்க இரண்டு வாரம் ஆனது. காரணம் என் சோம்பேறித்தனம்தான்.

கக்குவான் இருமலுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் அப்பா என்று மகள் ஏழாம் மாதத்திலேயே சொல்லிவிட்டாள். நமக்கு வெறும் இருமலாக வந்து போவது பச்சைக் குழந்தைக்கு மூச்சையே நிறுத்திவிடலாம், குழந்தைக்கு முதல் ஊசியே ஆறு எட்டு வாரத்தில்தான் போடுவார்கள், அதுவரை சுற்றி இருக்கிறவர்கள்தான் வேலி. எல்லாம் கேட்டுக்கொண்டு "பார்க்கலாம்" என்றேன். குழந்தை சொன்ன தேதிக்கு முன்பே வந்துவிட்டது. அவசரமாகப் போய்ப் போட்டுக்கொண்டால், அது வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும் என்று நர்ஸ் சொல்கிறார். மனைவி முன்பே போட்டிருந்ததால் முதல் நாளே மடியில் வைத்துக்கொண்டாள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கையாட்டினேன்.

அப்புறம் ஒருவழியாகக் கையில் கொடுத்தார்கள். முத்தம் கூடாது, கையைக் கழுவு, தூங்க வைத்தால் மல்லாக்கத்தான். எங்கள் பிள்ளைகளைக் குப்புறப் போட்டுத்தான் வளர்த்தோம், அப்போது அதுதான் நல்லது என்று சொன்னார்கள். 1990களில் பல நாடுகளில் அந்த ஆலோசனையை மாற்றிவிட்டார்கள், மல்லாக்கப் படுக்க வைக்க ஆரம்பித்த பிறகு தூக்கத்திலேயே குழந்தைகள் இறப்பது வெகுவாகக் குறைந்ததாம். சரி, இதில் எனக்கு வாதமே இல்லை.

வாதம் வந்தது ஞானஸ்நானத்தில். நாங்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற சபை, மருமகன் பாப்டிஸ்ட். அவர்களிடம் குழந்தையைக் கடவுளுக்கு அர்ப்பணித்து ஜெபிக்கிற பிரதிஷ்டைதான் உண்டு, முழுக்கு பிறகு, பிள்ளை தானாக விசுவாசத்தை அறிக்கை செய்யும்போது. இரண்டிலும் பெற்றோர் கொடுக்கிற வாக்கு ஏறக்குறைய ஒன்றுதானே என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். "வாக்கு கொடுப்பது நாம், தண்ணீரில் கிரியை செய்வது தேவன், இரண்டும் ஒன்றா?" என்று கேட்டாள். எங்கள் சபைப் போதனைப்படி அவள் சொல்வதுதான் சரி, என்னிடம் பதில் இல்லை. மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை. கடைசியில் பிள்ளை அவர்களுடையது என்று விட்டுக்கொடுத்தோம், அதாவது நான் விட்டுக்கொடுத்தேன், அவள் சும்மா இருந்தாள்.

அந்த நாட்களில் வேதாகமத்தில் ஆதியாகமம் 48ஆம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். யாக்கோபு எகிப்துக்கு வந்து 17 வருடம் ஆகிவிட்டது, பார்வை மங்கிவிட்டது, மகன் யோசேப்பு தன் இரண்டு பையன்களைக் கொண்டு வந்து நிறுத்துகிறான், கிழவர் "இவர்கள் யார்?" என்று கேட்கிறார். பையன்கள் எகிப்திலே பிறந்தவர்கள், தாய் எகிப்தியப் பூசாரியின் மகள். யோசேப்பே தன்னை மறைத்துக்கொண்டிருந்த நாளில் அண்ணன்மாரிடம் மொழிபெயர்ப்பாளனை வைத்துத்தான் பேசினான். அப்படியென்றால் தாத்தா சொன்ன ஆசீர்வாதம் அந்தப் பையன்களுக்குப் புரிந்திருக்குமா? இத்தனை வருடம் வாசித்தும் இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை.

பிரதிஷ்டை அன்று பாஸ்டர் என்னையும் மேடைக்குக் கூப்பிட்டு ஜெபிக்கச் சொன்னார். அவர்கள் மொழியில் இரண்டு வாக்கியம் நன்றாகத்தான் போனது, மூன்றாவதில் தொண்டை அடைத்துவிட்டது, தலையில் கைவைத்துத் தமிழுக்குத் தாவிவிட்டேன். சபை முழுக்க ஒன்றும் புரியாமல் கண்ணை மூடி நின்றது, குழந்தை விக்கிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் அப்பா என்ன ஜெபித்தார் என்று மருமகன் கேட்டார், மகள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சீக்கிரம் ஞானஸ்நானத்துக்கு வழி செய்யும் ஆண்டவரே என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அதை மட்டும் விட்டுவிட்டாள்.

* * *

அண்ணா, கண்ணாடிக்கு வெளியே நின்றதைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டீர்கள். எனக்கு அந்தக் கண்ணாடிகூடக் கிடைக்கவில்லை. நான் ஒரு நாட்டில், மகள் வேறொரு நாட்டில், பேரன் 29 வாரத்திலேயே பிறந்துவிட்டான், எனக்கு விசா வர ஒன்றரை மாதம் ஆனது. நாங்கள் கத்தோலிக்கர். இரண்டாவது நாள் இரவு நிலைமை மோசமானது, குருவானவர் வந்துசேர நேரமில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே என்று சொல்லித் திருமுழுக்குக் கொடுக்கலாம், திருச்சபை அதை ஏற்கும். எனக்குத் தெரியும், மகளுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. போனில் நான் சொல்லச் சொல்ல, பணியில் இருந்த ஒரு நர்ஸ் இரண்டு சொட்டுத் தண்ணீரை நெற்றியில் விட்டார். நான் தமிழில் சொன்னேன், மகள் அவருக்கு மாற்றிச் சொன்னாள், அவர் தன் மொழியில் சொன்னார். பேரன் பிழைத்துக்கொண்டான். ஐந்து மாதம் கழித்துக் கோயிலில் மீதிச் சடங்கு மட்டும் செய்தார்கள், திருமுழுக்கைத் திரும்பக் கொடுப்பதில்லை. பங்குக் கோயிலின் பதிவேட்டில் கொடுத்தவர் பெயர் என்ற இடத்தில் அந்த நர்ஸின் பெயர் இருக்கிறது.

* * *

நான் மருமகள் தரப்பு, அடிக்க வராதீர்கள். பிரசவ அறையிலிருந்து வார்டுக்கே இன்னும் வரவில்லை, அதற்குள் மாமியார் குழந்தையின் படத்தை சபை குரூப்பில் போட்டுவிட்டார், பெயரோடு, எடையோடு. என் அம்மாவுக்கு அது யாரோ அனுப்பித்தான் தெரிந்தது. தோத்திரம் சொல்லத்தானே போட்டேன் என்றார் மாமியார், உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருப்பார். கொஞ்ச நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது எங்கள் ஊர் நேரம் ராத்திரி எட்டு மணிக்கு வீடியோவில் வந்து பையனுக்குத் தமிழில் ஜெபித்து முடிப்பார். அவன் ஒன்றரை வயதில் சொன்ன முதல் தமிழ்ச் சொல் ஆமென். அது தமிழ் இல்லை என்று என் கணவர் சொல்கிறார், மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை.