உதவி தேவை: இனச்சேர்க்கைக்காகக் குளிரில் வைத்த பாம்பு இரையைக் கக்கிவிட்டது

பனிமூட்டம் (நவம்பர் 27, இரவு 11:40)
வணக்கம். வரும் வசந்தத்தில் இணை சேர்க்கலாம் என்று எண்ணி, அதற்குமுன் குளிரில் வைப்பதற்காக என்னிடம் உள்ள ஜோடியைப் போன சனிக்கிழமை கார் கொட்டகைக்கு மாற்றினேன். இன்று பார்த்தால் பெண் பாம்பு எலியைக் கக்கியிருக்கிறது. முடி உதிர்ந்து, வயிற்றுப்பக்கம் பச்சை பூத்து, தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால் கிடந்தது. கதவைத் திறந்ததுமே நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஆண் நன்றாகவே இருக்கிறது. இன்னும் எத்தனை நாள் குளிரில் வைக்க வேண்டும், இடையில் மறுபடி இரை கொடுக்கலாமா என்பதை யாரேனும் விரைவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

எலிப்பெட்டி
என்ன பாம்பு என்பதை நீங்கள் சொல்லவே இல்லையே, நண்பரே. ராயல் பைத்தான் என்றால் இந்த நிமிடமே வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். அது ஆப்பிரிக்காவின் வெப்பநிலத்துப் பாம்பு, இரவில் சில டிகிரி குறைத்தாலே அதற்குப் போதும், கொட்டகைக் குளிர் மூச்சுக்கோளாறில்தான் கொண்டுபோய் விடும். கார்ன் ஸ்நேக் என்ற அமெரிக்கப் பாம்பு என்றால் பேச்சு வேறு. கடைசியாக இரை கொடுத்தது என்றைக்கு? கொட்டகையில் எத்தனை டிகிரி? பெண்ணின் எடை என்ன?

பனிமூட்டம்
கார்ன் ஸ்நேக்தான், சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். குளிரைத் தாங்க வலு வேண்டுமே என்று, மாற்றுவதற்கு முந்தைய நாள் இரண்டுக்கும் பெரிய எலியாகப் பார்த்துக் கொடுத்தேன். இங்கிலாந்தின் வடக்கே இருக்கிறேன், ஆகவே கொட்டகை குளிராகத்தான் இருக்கிறது.

பழஞ்சட்டை
ஒவ்வொரு நவம்பரிலும் இதே கேள்விக்கு விடை எழுதி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. பழைய பதில்களைப் படித்துவிட்டுப் பாம்பில் கைவைக்கும் வழக்கம் இங்கே யாருக்கும் இல்லை என்பது தெரிந்ததுதான். பாம்பின் உடலுக்கு வெப்பம் வெளியிலிருந்து வர வேண்டும். அது குறைந்தால் செரிமானம் நின்றுபோய், விழுங்கிய எலி வயிற்றுக்குள்ளேயே அழுகத் தொடங்கும். உங்கள் பாம்பு அதைக் கக்கியது நல்லதாயிற்று. கடைசி இரைக்குப் பிறகு இரண்டு மூன்று வாரங்கள் வழக்கமான வெப்பத்திலேயே பட்டினி போட்டு, குடல் காலியான பின்னரே வெப்பத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, 10 முதல் 13 டிகிரி செல்சியஸில் எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் இருட்டில் வைக்க வேண்டும். அந்தக் காலம் முழுவதும் தண்ணீர் உண்டு, இரை கிடையாது. "குளிராகத்தான்" என்பது ஓர் அளவு அன்று.

கடலோரம்
இவ்வளவு பாடு தேவையே இல்லை என்பது என் அனுபவம். ஆறு ஆண்டுகளாக நான் எந்தக் கார்ன் ஸ்நேக்கையும் குளிரூட்டியதில்லை. டிசம்பரில் விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்து, பிப்ரவரியில் இரையைக் கூட்டுவேன், அவ்வளவுதான். ஈட்டுக்குப் பதினைந்து முட்டைக்குக் குறைந்ததில்லை. ஃபுளோரிடாவின் தென்கோடித் தீவுகளில் வாழும் இதே பாம்பு எந்தக் கொட்டகையில் போய் உறைந்து கிடக்கிறது?

பழஞ்சட்டை
அதே பாம்பு நியூ ஜெர்சியின் தென்பகுதிப் பைன் காடுகளிலும் வாழ்கிறது, கடலோரம் அவர்களே. அங்கே மண்ணுக்கடியில் ஒடுங்காமல் ஒரு குளிர்காலத்தையும் அது தாண்ட முடியாது. குளிரூட்டினால் ஆணும் பெண்ணும் ஒரே காலத்தில் இணைக்கு ஆயத்தமாகும். அதைத் தற்செயலுக்கு விட்டுவிட்டு அனுபவம் என்று பெயர் சூட்ட வேண்டாம்.

கடலோரம்
வளர்ப்பில் இருப்பவை எத்தனையோ தலைமுறைகளாகக் கலந்தவை. உங்கள் பெட்டியில் இருப்பதன் பாட்டி நியூ ஜெர்சிக்காரியா ஃபுளோரிடாக்காரியா என்பதை நீங்கள் எப்படி அறிவீர்கள்?

எலிப்பெட்டி
இருவரும் பிறகு மோதிக்கொள்ளலாம். பனிமூட்டம், எடையையும் டிகிரியையும் நீங்கள் இன்னும் சொல்லவில்லை. அது பெண்தான் என்பதை யார் உறுதி செய்தார்கள்? தவிர, ஆணின் வயிற்றிலும் அதே நாளில் விழுங்கிய எலி இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

பனிமூட்டம்
பெண் என்று வாங்கிய இடத்தில் சொன்னார்கள். செப்டம்பரில் இரண்டையும் ஒரே பெட்டியில் விட்டபோது கயிறு முறுக்கியதுபோல் பிணைந்துகொண்டன. எனவே அதில் சந்தேகம் இல்லை.

வாய்க்கால்கரை
எனக்குச் சந்தேகம் இருக்கிறது. எங்கள் ஊரில் வயல் வரப்பில் இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு நிமிர்ந்து நின்றால், சாரையும் நல்லபாம்பும் இணைகின்றன என்று சொல்லிப் புதுத்துணியை வீசுவார்கள். உண்மையில் அவை இரண்டும் சாரைதான், இரண்டும் ஆண்தான். ஒன்றன் தலையை மற்றொன்று தரையில் அழுத்த முயல்கிறது. கார்ன் ஸ்நேக் ஆண்களும் மல்லுக்கட்டுவதுண்டு, ஆகவே பிணைந்ததை மட்டும் வைத்து ஜோடி என்று முடிவு கட்ட முடியாது. கழிவுத்துளைக்குப் பின்னால் வாலைப் பாருங்கள்: ஆணுக்குச் சற்றுத் தூரம் பருமன் குறையாமல் நீண்டு செல்லும், பெண்ணுக்குச் சட்டென்று ஒடுங்கிவிடும். ஆணா பெண்ணா என்று அறியக் கழிவுத்துளைக்குள் கம்பி செலுத்திப் பார்ப்பதை மட்டும் நீங்களே செய்யாதீர்கள். பழக்கமில்லாத கை உள்ளே கிழித்துவிடும்.

எலிப்பெட்டி
பெண்ணாகவே இருந்தாலும், மூன்று வயது, மூன்று அடி, 300 கிராம் என்ற பழைய கணக்கைத் தாண்டாமல் நான் இணை சேர்க்க மாட்டேன். அந்தக் கணக்கே எனக்குக் குறைவாகத்தான் படுகிறது. சிறிய உடலில் முட்டை வெளிவராமல் தங்கிப்போனால் அறுவைதான், அதிலும் பிழைக்கும் என்று உறுதி கூற முடியாது. இப்போதைக்கு இரண்டையும் வழக்கமான வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீர் மட்டும் வையுங்கள். கக்கியதற்குப் பத்துப் பதினான்கு நாள் கழித்து, வழக்கத்தில் பாதியளவுள்ள எலி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். அதையும் கக்கினால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பழஞ்சட்டை
300 கிராம் என்பதை நான் இங்கே பழைய பதில்களில் முன்பே எழுதியிருக்கிறேன்.

பனிமூட்டம் (டிசம்பர் 1)
வெப்பமானி வாங்கி வைத்தேன்; கொட்டகையில் இரவில் 6, பகலில் 15 காட்டியது. சமையலறைத் தராசில் பெண் 238 கிராம். இரண்டும் வீட்டுக்குள் வந்துவிட்டன. நேற்றுக் காலை ஆணும் கக்கியிருந்தது.