‘வறட்சி’யை வரையறுத்து 800 சொல்லில் கட்டுரை: எங்கே தொடங்குவது, எதை விடுவது?

நெல்லிமரம்:
வணக்கம். கல்லூரி முதலாண்டு. ஏதாவது ஒரு சொல்லை எடுத்து, அதை வரையறுத்து 800 சொல்லில் கட்டுரை தரச் சொல்லியிருக்கிறார்கள். நான் எடுத்தது ‘வறட்சி’. அகராதிப் பொருள், வகைகள், காரணங்கள், விளைவுகள், தடுக்கும் வழிகள் என்று பிரித்து எழுதினால் பள்ளிக்கூடப் பொதுக்கட்டுரை மாதிரியே வருகிறது. வரையறை நாலு வரியில் முடிந்துவிடுகிறது. மீதிக்கு என்ன எழுதுவது? அகராதியில் தொடங்கலாமா?

சிவப்பு மை:
காரணம், விளைவு, தடுக்கும் வழி மூன்றையும் முதலில் வெட்டுங்கள். ‘மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்’ என்று முடிகிற கட்டுரை எதுவாக இருந்தாலும் வரையறைக் கட்டுரை இல்லை. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ‘மற்றொன்று விரித்தல்’ என்பது இதுதான். எது வறட்சி, எது இல்லை என்று பிரிக்க உதவுகிற இடத்தில் மட்டும் காரணத்தைத் தொடலாம்.

நாலு வரியில் முடிகிறது என்றால், யாரும் மறுக்க முடியாததையே எழுதியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். எல்லைக்கோட்டை ஓரிடத்தில் போடுங்கள். அதை ஏன் அங்கே போட்டீர்கள் என்று வாதாடுவதுதான் மீதிக் கட்டுரை.

முதல் வேலை ஒரே ஒரு வாக்கியம். அதில் இரண்டு பகுதி இருக்கும்: இந்தப் பொருள் எந்த இனத்தைச் சேர்ந்தது, அந்த இனத்தில் மற்றவற்றிலிருந்து எதனால் வேறுபடுகிறது. ‘வறட்சி என்பது மழை பெய்யாமல் இருக்கும்போது’ என்று எழுதினால் வாக்கியம் நிற்காது. பெயர்ச்சொல்லை வரையறுத்தால் முடிவிலும் பெயர்ச்சொல் வரவேண்டும்: நிலை, குறைவு, நிகழ்வு, இப்படி ஏதாவது. ‘வறண்டு போகும் நிலையே வறட்சி’ என்பதும் உதவாது; சொன்ன சொல்லே சுற்றி வருகிறது.

அடுத்து, பக்கத்து வீட்டுக்காரர்களைப் பிரியுங்கள். வறட்சியோடு குழம்புகிற மூன்று பேர்: பாலைநிலம், தண்ணீர்த் தட்டுப்பாடு, பஞ்சம். 1943 வங்கப் பஞ்சம் மழை பொய்த்ததால் வந்தது அல்ல. போர்க்கால விலையேற்றத்துக்கும் விநியோகச் சீர்குலைவுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. இந்த ஓர் உதாரணமே பஞ்சத்தைத் தனியே பிரித்துவிடும். அதற்கு இரண்டு பத்தி வேண்டாம்.

சொல் கணக்கு தோராயமாக: தொடக்கம் 90, வரையறை வாக்கியமும் அதன் விளக்கமும் 150, பிரித்துக்காட்டல் 180, எல்லையில் நிற்கிற உதாரணங்கள் 300, கடைசிப் பத்தி 80. பெரும் பங்கு உதாரணங்களுக்குப் போவதைக் கவனியுங்கள். அந்த 300-ஐ 100 ஆக்கினால்தான் கட்டுரை மறுபடி பொதுக்கட்டுரை ஆகிறது.

தர்க்கப்பிரியன்:
மேலே சொன்னதோடு ஒரு சோதனை. தர்க்க நூல்கள் வரையறைக்கு மூன்று குற்றங்கள் சொல்கின்றன. பழைய உதாரணம் பசு. ‘கொம்புள்ளது பசு’ என்றால் எருமையும் உள்ளே வந்துவிடும்: அதிவியாப்தி. ‘கபில நிறமுள்ளது (செம்பழுப்பானது) பசு’ என்றால் வெள்ளைப்பசு வெளியே போய்விடும்: அவ்வியாப்தி. ‘ஒற்றைக் குளம்புள்ளது பசு’ என்றால் ஒரு பசுவும் தேறாது: அசம்பவம்.

உங்கள் வாக்கியத்துக்கு இரண்டு கேள்வி போதும். வறட்சி இல்லாத எது உள்ளே நுழைகிறது? வறட்சியான எது வெளியே நிற்கிறது? நுழைகிறதென்றால் ஒரு நிபந்தனையைச் சேர்க்கவேண்டும். வெளியே நிற்கிறதென்றால் ஒன்றைத் தளர்த்தவேண்டும். பெரும்பாலானோர் சேர்ப்பதோடு நிறுத்திவிடுவார்கள். வாக்கியம் நீண்டுகொண்டே போகும், ஒன்றுக்கும் பொருந்தாது.

நெல்லிமரம்:
நன்றி ஐயா, இரண்டு பேருக்கும். முயன்று பார்த்தேன்: ‘வறட்சி என்பது நீண்ட நாள் மழை இல்லாததால் ஏற்படும் நீர்ப்பற்றாக்குறை.’ சரியா?

ஏரிக்கரை:
இலக்கணம் சரி, எல்லை சரியில்லை. மூன்று ஊரை வைத்துப் பாருங்கள்.

ஜெய்சல்மேர், ராஜஸ்தான் பாலைநிலத்து ஊர். ஆண்டு மழையே சுமார் 200 மி.மீ.தான். உங்கள் வாக்கியப்படி அங்கே நிரந்தர வறட்சி. ஆனால் அது அந்த ஊரின் இயல்பு. வறட்சி என்பது இயல்பிலிருந்து விலகல். ஆகவே ‘வழக்கத்தைவிட’ என்ற சொல் இல்லாமல் இந்த வரையறை நடக்காது.

சிரபுஞ்சி. ஆண்டுக்கு 11,000 மி.மீ.க்கு மேல் கொட்டுகிற இடம். குளிர்காலத்தில் அங்கேயே குடிதண்ணீருக்கு அலைகிறார்கள். செங்குத்தான சரிவு, நீர் தங்குவதில்லை. அந்த மாதங்களில் மழை இல்லாதது அங்கே வழக்கம். எனவே இது தட்டுப்பாடு, வறட்சி அல்ல. உங்கள் வாக்கியம் இதையும் உள்ளே விடுகிறது.

காவிரி டெல்டா. ஜூன் 12-ல் திறக்கவேண்டிய மேட்டூர் அணையில் நீர் இல்லை, காரணம் காவிரி பிறக்கும் குடகுப் பக்கம் மழை குறைவு. திருவாரூரில் அந்த மாதம் எப்போதும்போல மழை பெய்திருந்தாலும் குறுவை நெல் போச்சு. ‘மழை இல்லாததால்’ என்று எழுதும்போது எந்த ஊர் மழை என்று சொல்லாததால் இது வெளியே நிற்கிறது. அதனால்தான் வானிலை வறட்சி (மழை குறைவது), நீரியல் வறட்சி (ஆறு, அணை, நிலத்தடி நீர் குறைவது), வேளாண் வறட்சி (பயிருக்கு மண் ஈரம் போதாதது) என்று துறைக்காரர்கள் பிரிக்கிறார்கள். வகைகளைத் தனித் தலைப்பில் அடுக்காமல் இந்த உதாரணத்துக்குள் கொண்டுவாருங்கள், தானாக உட்காரும்.

திருத்தினால் இப்படி வரும்: ‘வறட்சி என்பது, ஓரிடத்துக்கு வழக்கமாகக் கிடைக்கும் நீர் ஒரு பருவத்துக்கோ அதற்கு மேலோ கணிசமாகக் குறைந்து, அதை நம்பியிருக்கும் பயிரும் உயிரும் பாதிக்கப்படும் நிலை.’ மழை என்பதை நீர் என்று தளர்த்தினோம். வழக்கம், காலஅளவு, பாதிப்பு மூன்றையும் சேர்த்தோம். ‘பாதிப்பு’ தேவையா என்பதில் ஆள் ஆளுக்கு வேறு கருத்து உண்டு. வானிலைத் துறைக்கு அது தேவையில்லை, விவசாயிக்கு அது இல்லாமல் வறட்சியே இல்லை. இந்தச் சண்டையை மறைக்காமல் எழுதுங்கள், கட்டுரைக்கு உயிர் அங்கேதான்.

நெல்லிமரம்:
‘கணிசமாக’ என்பது தொளதொளவென்று இருக்கிறதே? சதவீதம் போட்டுவிடலாமா?

ஏரிக்கரை:
வரையறை வாக்கியத்துக்குள் போடாதீர்கள், அடுத்த வாக்கியத்தில் போடுங்கள். இந்திய வானிலைத் துறை கணக்கில் மழை நீண்டகாலச் சராசரியைவிட 26 முதல் 50 சதவீதம் குறைந்தால் மிதமான வறட்சி, 50-க்கு மேல் கடுமையானது. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக மாநில அரசு அறிவித்தது. ஆனால் 26 என்பது மழைக்கான அளவுகோல். அணை நீருக்கோ மண் ஈரத்துக்கோ அதை அப்படியே தூக்கிப்போட்டால் தப்பு. மையவாக்கியத்தில் அந்த எண்ணைப் பூட்டினால் டெல்டா உதாரணம் மறுபடி வெளியே போய்விடும்.

சிவப்பு மை:
அகராதிக் கேள்வி விட்டுப்போயிற்று. தொடக்கத்தில் வேண்டாம்; அகராதி சொல்வது போதவில்லை என்று காட்டப்போகிறீர்கள் என்றால் மட்டும், நடுவில் ஒரு வரி. தொடக்கத்துக்குச் சிரபுஞ்சியை எடுங்கள்: இத்தனை மழை பெய்கிற ஊரில் குடத்தோடு வரிசை, இது வறட்சியா? வாசகருக்குக் கேள்வி பிடித்துவிடும்.

இலக்கியம் சேர்க்க ஆசை என்றால் சிலப்பதிகாரக் காடுகாண் காதை: முல்லையும் குறிஞ்சியும் ‘முறைமையின் திரிந்து’, நல்லியல்பு இழந்து, ‘பாலை என்பதோர் படிவம் கொள்ளும்’. பாலையை ஓர் இடமாகச் சொல்லாமல், இயல்பு திரிந்த நிலையாகச் சொல்கிறது. ஏரிக்கரை ஜெய்சல்மேருக்குச் சொன்ன பிரிப்புக்குப் பக்கத்தில் வைத்தால் பொருந்தும். அலங்காரமாகத் தலையில் வைக்காதீர்கள்.

கடைசிப் பத்தியில் வரையறையைத் திருப்பிச் சொல்லவேண்டாம். உங்கள் எல்லைக்கோட்டால் யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்லுங்கள். வறட்சி என்று அறிவிப்பது மாநில அரசு. நிவாரணம் அந்த அறிவிப்போடு கட்டப்பட்டிருக்கிறது. மழைக்கணக்கை மட்டும் பார்த்தால் அந்தத் திருவாரூர் குறுவைக்காரர் பட்டியலில் வருவாரா? அதற்கு உங்கள் பதிலை எழுதுங்கள்.